கரையில் உட்கார நமக்கு உரிமை உண்டு! மதகில் முதல் உரிமை வயலுக்கே!

அன்பார்ந்த விவசாயப் பெருங்குடி மக்களே! தாய்மார்களே! இளைஞர்களே!



வீராணம் ஏரியில் படகு விட வேண்டும், பூங்கா அமைக்க வேண்டும், சுற்றுலாத் தலமாக்க வேண்டும் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது, பிறகு அடங்குகிறது. எழும்போதெல்லாம் நம் ஊர் டீக்கடைகளில் இரண்டு குரல் கேட்கிறது. "வந்தா வரட்டுமே, நாலு காசு புழங்கும், ஊரு முன்னேறும்" என்பது ஒன்று. "ஏரி பாசனத்துக்கு வெட்டுனது, வேடிக்கை பாக்க இல்ல. ஒருத்தனையும் கரையில ஏத்தக் கூடாது" என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது குரல் நம் சங்கத்துக்குள்ளேயே பலமாகக் கேட்கிறது.

இரண்டுமே நமக்கு ஆகாது என்பதுதான் என் கருத்து. முதல் வழியில் போனால் ஏரி குத்தகைதாரன் கைக்குப் போகும். இரண்டாவது வழியில் போனால், ஆள் நடமாட்டம் இல்லாத கரை குடிகாரன் கைக்கும் மண் திருடுபவன் கைக்கும் போகும். சுற்றுப்பட்டு மக்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து உட்காரும் கரைதான் காவல் உள்ள கரை. ஆகவே, "பொழுதுபோக்கு வேண்டாம்" என்று நாம் சொல்லக் கூடாது. "எங்கள் ஊர் மக்களுக்கான ஓய்விடம் வேண்டும், அது பாசனத்துக்குக் கட்டுப்பட்டு இருக்க வேண்டும்" என்று கேட்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

யாருடைய ஏரி இது?

முதலாம் பராந்தக சோழன் காலத்தில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால் வெட்டிய ஏரி. வீரநாராயணன் என்ற அவனுடைய பட்டப்பெயரே ஏரிக்கு ஆயிற்று. மக்கள் வாயில் அது வீராணம் என்று ஆனது. வெட்டியவன் பெயர் மன்னனுக்கு. மண் சுமந்தது நம் பாட்டன் முப்பாட்டன். கொள்ளிடத்துத் தண்ணீர் கீழணையில் திரும்பி, வடவாறு வழியாக இங்கே வந்து சேருகிறது. ஏரியின் முழுக் கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. முழு நீர்மட்டம் 47.5 அடி. இதை நம்பி காட்டுமன்னார்கோவில், சிதம்பரம், புவனகிரி பக்கம் 44,856 ஏக்கர் பாசனம் நடக்கிறது. அதில் பெரும்பாலோர் நம்மைப் போல இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு கடனில் உழுகிறவர்கள்.

2004ஆம் ஆண்டு புதிய வீராணம் திட்டம் வந்தது. சுமார் 235 கிலோமீட்டர் தூரம் குழாய் போட்டு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் தண்ணீர் சென்னைக்குப் போக வழி செய்தார்கள். அதற்கும் முந்தைய பழைய திட்டத்தின் ராட்சதக் குழாய்கள் வருஷக்கணக்கில் சாலையோரம் கிடந்ததும், வீடில்லாத குடும்பங்கள் அதற்குள் குடியிருந்ததும் நம் தலைமுறைக்கு மறக்காது.

18 கோடி லிட்டர் என்றால் விவசாயி கணக்கில் எவ்வளவு? விநாடிக்கு ஏறக்குறைய 73 கன அடி. வருஷம் முழுக்க அந்த அளவு எடுத்தால் 2,300 மில்லியன் கன அடியைத் தாண்டும். அதாவது முழு ஏரி ஒன்றரைத் தடவைக்கு மேல்! குடிக்கிற தண்ணீரைக் கொடுக்க மாட்டோம் என்று நாம் சொல்லவில்லை. சென்னையில் இருப்பதும் நம் பிள்ளைகள்தான். ஆனால் ஏற்கெனவே வயலும் நகரமும் பங்கு போடுகிற ஏரி இது. 2017 கோடையிலும் 2024 கோடையிலும் தரை தெரிய வறண்டதைக் கண்ணால் பார்த்தோம். இதில் மூன்றாவதாக ஒரு பங்காளி, படகுத் துறை என்ற பெயரில் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

விவசாயிக்கு எதுக்குப் பொழுதுபோக்கு என்பவர்களுக்கு

"நாத்து வயல்ல நிக்குது, இவனுக்குப் பொழுதுபோக்கு கேக்குதா?" என்று நம்மாட்களே கிண்டல் பேசுகிறார்கள். ஏன் கேட்கக் கூடாது? ஆடிப்பெருக்கு என்பது என்ன? விவசாயக் குடும்பங்கள் தாமே ஏற்படுத்திக்கொண்ட ஓய்வுநாள்தானே! புதுத் தண்ணீர் வந்த சந்தோஷத்தில் முளைப்பாரி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு எல்லாம் எடுத்துக்கொண்டு, புளிச்சோறும் தயிர்ச்சோறும் எலுமிச்சைச் சோறும் கட்டிக்கொண்டு கரைக்குப் போவதை நமக்கு எந்தச் சுற்றுலாத் துறையும் கற்றுக்கொடுக்கவில்லை. கல்கி 1950ல் எழுதத் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' கதையே ஆடிப்பெருக்கு நாளில் இந்த ஏரிக்கரையில்தான் ஆரம்பிக்கிறது. அந்தக் கதை 2022லும் 2023லும் இரண்டு சினிமாவாக வந்தது. கதை தெரிந்தவர்கள் கரையில் வண்டியை நிறுத்தி, "இதுதானா அந்த ஏரி?" என்று கேட்கிறார்கள். இதுதான் அய்யா அந்த ஏரி. ஆனால் உட்கார நிழல் இல்லை. பெண்கள் ஒதுங்க இடம் இல்லை.

இன்றைக்கு நம் ஊர் இளைஞனுக்குப் பொழுதுபோக்கு என்று என்ன இருக்கிறது? கைப்பேசி இருக்கிறது, சாராயக்கடை இருக்கிறது. பெண்களுக்கு அதுவும் இல்லை. காலையில் அடுப்பு, பகலில் நடவு, களையெடுப்பு, மாலையில் மாடு, மறுபடி அடுப்பு. வருஷத்தில் ஒரு நாள் காணும் பொங்கல், ஒரு நாள் ஆடி 18. அந்த இரண்டு நாளில்கூட, கரையில் உடைந்து கிடக்கும் பாட்டில் சில்லு காலில் குத்துமோ என்று பயந்து நடக்க வேண்டியிருக்கிறது. மறுநாள் அதே சில்லு வாய்க்காலில் இறங்கி நடவுப் பெண்களின் காலைக் கிழிக்கிறது. மண் தோண்டிய பள்ளம் தண்ணீருக்குள் மறைந்து கிடப்பதால், குளிக்கப் போகும் பிள்ளை வீடு திரும்பும் வரை தாய்க்கு உயிர் உயிராய் இல்லை.

ஓய்வு என்பது பணக்காரனுக்கு மட்டும் எழுதி வைத்த சொத்து அல்ல. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போகக் காசு உள்ளவன் போகட்டும். வீட்டிலிருந்து சைக்கிளில் போய், கட்டுச்சோறு தின்று, பொழுது சாய்வதற்குள் திரும்பி மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் நமக்கு இந்தக் கரைதான் ஊட்டி. அதைக் கௌரவமாக, பயமில்லாமல் அனுபவிக்க வசதி கேட்பது பிச்சை அல்ல, உரிமை!

படகுக்குத் தண்ணீர் நிற்க வேண்டும். பயிருக்குத் தண்ணீர் போக வேண்டும்

இனி படகுக்காரர்கள் வாதத்துக்கு வருவோம். படகு விடுவதில் என்ன நஷ்டம் என்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நஷ்டம் தெரியாதுதான். ஆனால் ஏரியின் வருஷத்தை யோசித்துப் பாருங்கள்.

மேட்டூர் திறந்து, தண்ணீர் கீழணை வந்து, வடவாறு வழியாக ஏரி ஏறுகிறது. மேட்டூரை ஜூன் 12ல் திறப்பது வழக்கம். 2024ல் இருப்பு இல்லாமல் ஜூலை 28 வரை இழுத்துவிட்டது. ஏரி ஏறிய பிறகு சம்பாவுக்கு மதகு திறக்கிறோம். வடகிழக்குப் பருவமழை அடித்து ஊற்றும்போது மட்டத்தைக் குறைத்து வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் லால்பேட்டை வெள்ளியங்கால் ஓடையில் ஒரேயடியாக உபரிநீர் திறந்து திருநாரையூர் பக்கத்து வயல்கள் மூழ்கும். பிறகு கோடையில் தண்ணீர் வடிந்தால்தான் தூர் வாரலாம், மதகு பழுது பார்க்கலாம், வண்டல் அள்ளி வயலில் போடலாம். ஏறுவதும் இறங்குவதும் காய்வதும்தான் பாசன ஏரியின் ஆரோக்கியம்.

படகுக் குத்தகை எடுத்தவனுக்கு இது எதுவும் ஒத்துவராது. அவனுக்குப் பள்ளிக்கூடம் லீவு விடும் ஏப்ரல், மே மாதத்தில் தண்ணீர் ததும்பி நிற்க வேண்டும். குத்தகைப் பணம் கட்டியவன் சும்மா இருப்பானா? "இத்தனை அடிக்குக் கீழே இறக்காதே" என்று மனு கொடுப்பான், வழக்குப் போடுவான். அன்றைக்கு மதகுச் சாவி யார் பேச்சைக் கேட்கும்? மோட்டார் படகாக இருந்தால் எண்ணெய்க் கசிவு வேறு. அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் சென்னையில் குடிக்கிறார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

படகில் போக ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் இருக்கிறது. சுரபுன்னைக் காடும் உப்பங்கழியும் உள்ள இடம். சுற்றுலா வளர்ச்சிக் கழகமே அங்கே படகு விடுகிறது. அங்கே கடல்நீர் ஏறி இறங்குகிறது. நெல்வயலுக்குத் தண்ணீர் விடும் மதகு கிடையாது. படகுக்கு அது இடம், பாசனத்துக்கு இது இடம். காலையில் கங்கைகொண்ட சோழபுரம் கோயில், மதியம் வீராணம் கரையில் சாப்பாடு, மாலையில் காட்டுமன்னார்கோவில் வீரநாராயணப் பெருமாள் என்று ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். இதற்கு ஏரிக்குள் ஒரு செங்கல்கூட வைக்கத் தேவையில்லை.

வெளியூர் ஏரிகள் சொல்லும் பாடம்

கோயம்புத்தூர் உக்கடம் பெரியகுளத்தையும் வாலாங்குளத்தையும் பாருங்கள். நொய்யல் தண்ணீரில் நெல் விளைவித்த குளங்கள். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடைபாதை, அலங்கார விளக்கு, படகு என்று மாறிவிட்டன. மாலையில் ஜனம் நடக்கிறது, நல்ல காற்று வாங்குகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே ஆயக்கட்டு பெரும்பகுதி முதலில் வீடும் கடையுமாகப் போனது, பூங்கா பிறகு வந்தது. கேள்வி கேட்க விவசாயி மிச்சமில்லாத இடத்தில் குளம் பூங்காவாகலாம். நம்மிடம் 44,856 ஏக்கர் உயிரோடு இருக்கிறது. நகரத்துக் குளத்துக்குப் போட்ட படத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே ஒட்ட முடியாது.

இன்னொரு பாடம் வேடந்தாங்கல். அதுவும் பாசன ஏரிதான். சிறிய ஏரி, 74 ஏக்கர் அளவு. பறவை பார்க்க ஆண்டுதோறும் எங்கிருந்தெல்லாமோ ஜனம் வருகிறது. ஆனால் அந்த இடத்தைக் காப்பாற்றியவர்கள் சுற்றுலாக்காரர்கள் அல்ல, ஊர் விவசாயிகள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டு, சுடவும் பிடிக்கவும் கூடாது என்று ஊரே கட்டுப்பாடு போட்டது. 1798 வாக்கில் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த வெள்ளைக்காரர் பிளேஸ் அந்த உரிமையை எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். 2022ல் ராம்சார் பட்டியலில் ஏறி உலகப் பெயர் வாங்கியது. பயிரும் பறவையும் பார்வையாளரும் ஒரே ஏரியில் இருக்க முடியும், ஊர் போடும் கட்டுப்பாடு முதலில் நிற்குமானால்! நாம் கேட்பது இதைத்தான்.

சட்டத்தில் எங்கே ஓட்டை, எங்கே பிடி?

"ஏரியைச் சட்டம் பார்த்துக்கொள்ளும்" என்று தூங்கிவிடக் கூடாது. 2017ஆம் ஆண்டு மத்திய அரசின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகளில், பாசனத்துக்காக மனிதன் வெட்டிய நீர்நிலை ஈரநிலக் கணக்கில் வராது என்று விலக்கி வைத்துவிட்டார்கள். நம் ஏரி மாதிரியானவை அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கின்றன. 2023ல் தமிழக அரசு கொண்டுவந்த நில ஒருங்கிணைப்புச் சட்டமோ, நூறு ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டம் என்றால் அதற்குள் அகப்படும் நீர்நிலைகளையும் சேர்த்து எடுக்க வழி வைக்கிறது. விவசாய சங்கங்கள் அதை எதிர்த்தது இதனால்தான்.

நம் கையிலும் பிடி இருக்கிறது. 2007ஆம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி ஏரியை அளந்து எல்லை குறிக்க வேண்டும். அந்த வரைபடத்தையும் பதிவேட்டையும் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் நாம் கேட்டு வாங்கலாம். விவசாயிகள் பாசன மேலாண்மைச் சட்டம் 2000ல் வந்தது; ஆயக்கட்டுதாரர்கள் பாசன நிர்வாகத்தில் பங்கு கேட்க அது இடம் தருகிறது. எந்தப் பூங்காத் திட்டமும் நம்மைக் கேட்காமல் ஏரிக்குள் இறங்கக் கூடாது என்று சொல்ல இவை போதும். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும்!

நமது கோரிக்கைகள்

1. பாசனமும் குடிநீரும் போகத்தான் மற்றது. பொழுதுபோக்குக் காரணத்துக்காக எந்த நாளிலும் நீர்மட்டத்தை நிறுத்தவோ மதகை அடைக்கவோ மாட்டோம் என்று அரசாணையில் எழுத்தாக வர வேண்டும்.

2. நீர்ப்பிடிப்பிலும் கரைச் சரிவிலும் கட்டடம் கூடாது. எல்லைக்கல் நட்டு, வரைபடத்தை ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்ட வேண்டும்.

3. மோட்டார் படகு கூடாது. ஏரியில் மீன்பிடித்துப் பிழைக்கும் குடும்பங்களின் வலைக்கும் பரிசலுக்கும் இடைஞ்சல் வரக் கூடாது.

4. கரைக்கு வர நுழைவுக் கட்டணம் கூடாது. உள்ளூர் ஆள், வெளியூர் ஆள் யாராக இருந்தாலும் சரி. வண்டி நிறுத்தக் கட்டணம் வசூலித்தால் அது ஊராட்சிக்குச் சேர்ந்து, குப்பை அள்ளவும் கரை பராமரிக்கவும் செலவாக வேண்டும்.

5. ஊருக்கு ஒரு படித்துறை, பெண்கள் உடை மாற்ற மறைவிடம், தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை, குடிநீர்க் குழாய், விளக்கு வேண்டும். கரைக்கு வெளிப்புறத்தில் புங்கனும் நாவலும் நட வேண்டும். கழிவுநீர் வாய்க்காலில் கலக்கக் கூடாது.

6. ஆழமான இடத்தில் எச்சரிக்கைப் பலகை, கயிறு, மிதவை வேண்டும். விசேஷ நாட்களில் நீச்சல் தெரிந்த உள்ளூர் இளைஞர்களுக்குக் கூலி கொடுத்துக் காவலுக்கு நிறுத்த வேண்டும்.

7. கடைகளை மொத்தமாக ஏலம் விடக் கூடாது. வறுத்த ஏரிமீன், கம்பங்கூழ், இளநீர், அவல் கடை எல்லாம் கரையோர ஊர்களின் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கும் மீனவக் குடும்பத்துக்குமே தர வேண்டும்.

8. 2019 முதல் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பைகளும் டம்ளர்களும் கரையில் விற்கப்படாமல் தடுக்க வேண்டும். கரையில் மது அருந்துவதைக் காவல்துறை தடுக்க வேண்டும்.

9. அறுவடைக் காலத்தில் நெல் காயவைக்கத் தனிக் களம் வேண்டும். வண்டி நிறுத்தும் இடம் என்று சொல்லி நம் நெல்லைச் சாலையிலிருந்து விரட்டக் கூடாது.

இதில் எது பெரிய செலவு? நாலு கழிப்பறை, நூறு மரக்கன்று, கொஞ்சம் கயிறு! கோடிக்கணக்கில் திட்டம் போட்டு வரைபடம் காட்டுவதைவிட, இதைச் செய்தால் நம் தாய்மார்கள் வாழ்த்துவார்கள்.

நாம் செய்ய வேண்டியது

அரசை மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதாது. அவரவர் ஊர்ப் படித்துறையைச் சுத்தமாக வைப்பது அவரவர் பொறுப்பு. கட்டுச்சோறு கொண்டு போனால் இலையைத் திரும்பக் கொண்டு வாருங்கள். மாடு குளிப்பாட்டும் துறை வேறு, பிள்ளைகள் குளிக்கும் துறை வேறு என்று ஊரே பேசி முடிவு செய்யலாம். வெளியூரிலிருந்து வருபவர்களிடம் எரிந்து விழாதீர்கள். மதகைக் காட்டுங்கள், வாய்க்காலைக் காட்டுங்கள், "இந்தத் தண்ணி போய்தான் நீங்க சாப்பிடுற அரிசி விளையுது" என்று சொல்லுங்கள். ஏரியைப் பார்த்துப் போன ஒருவர், நாளைக்கு ஏரிக்கு ஆபத்து என்றால் நமக்காகப் பேசுவார்.

கிராமசபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூடுகிறது. அடுத்து வரும் கிராமசபையில் மேற்கண்ட ஒன்பது கோரிக்கைகளையும் தீர்மானமாக வையுங்கள். "பிறகு பார்க்கலாம்" என்றால் விடாதீர்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். பெண்கள் அவசியம் வர வேண்டும். படித்துறை யாருக்கு வேண்டும் என்று அவர்கள் வாயால் சொன்னால்தான் அதிகாரிக்கு உறைக்கும்.

ஆடி 18 அன்று கரையோர ஊர்கள் எல்லாம் அவரவர் படித்துறையில் குடும்பத்தோடு கூடுவோம். கொடி ஒரு கையில், கட்டுச்சோறு ஒரு கையில்! புதுத் தண்ணீரை வணங்கிவிட்டு, கோரிக்கைகளைச் சத்தமாகப் படிப்போம். பிறகு பந்தி போட்டுச் சாப்பிடுவோம். சாலையை மறிக்க வேண்டாம், பேருந்தை நிறுத்த வேண்டாம். ஏரிக்கரை முழுக்க ஏரியின் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருப்பதை அதிகாரிகள் ஒரு நாள் பார்க்கட்டும்!

ஏரி நமது! கரை நமது! கரையில் ஓய்வும் நமது!

மதகில் முதல் உரிமை வயலுக்கே!

அணிதிரள்வோம்! வென்றெடுப்போம்!

தோழமையுடன்,
ஒன்றியச் செயலாளர்,
விவசாயிகள் சங்கம்